பத்துக்கு ஒன்பது குறை

ஐம்பத்தொன்று பிப்ரவரி.
தலைக்கணக்கு எடுக்க வாத்தியார்களைத்தான் பிடிப்பார்கள்.
பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் எனக்கு இரண்டு தெரு.
நாற்பத்தோராம் வீட்டில்
சட்டையெல்லாம் நிலாவாரைப் பொடியாக ஒருவர்,
தூத்துக்குடிக் கப்பலுக்கு இலை நிறுத்து அனுப்பும் கணக்கர்.
பெயர் எப்பிராயீம் என்றார்.
மேற்கொண்டு கேட்காமலே கிறிஸ்தவர் என்று எழுதிவிட்டேன்.
"அது அடிக்கணும் சாரே. யூதன்."

பேனா நின்றுவிட்டது.
யூதர்களை எனக்குத் தெரியும்,
பெரிய வெள்ளிதோறும் மூன்று மணி நேரம்.
வேதத்தின் கடைசிப் பக்கத்தோடு முடிந்துபோனார்கள் என்று
யாரும் சொல்லித்தரவில்லை, நானாக நினைத்துக்கொண்டது.
இவரோ கொல்லம் வண்டியில் செங்கோட்டை வழியாக வந்து
எனக்குக் கட்டஞ்சாயா ஆற்றிக்கொண்டிருக்கிறார்.

'இதர' என்று ஒரு கட்டம் இருந்தது.
அதில் நிற்கிற மாதிரி ஒரு கோடு போட்டேன்.

"இந்த ஊரிலே எங்க பேரெல்லாம் உண்டு," என்று சிரித்தார்.
உண்டுதான்.
மார்க்கெட்டில் நின்று 'ஏல ஈசாக்கு' என்றால்
கறிக்கடையில் ஒரு தலை, சைக்கிளில் ஒரு தலை,
மேலப்பாளையத்திலிருந்து கைலி விற்க வந்த
இஸ்ஹாக்கின் தலையும் திரும்பும்.
சனிக்கிழமை அவர் கிட்டங்கி பூட்டிக்கிடக்கும்.
"வேதக்காரங்களுக்குள்ளயே நாள் தகராறு,"
என்பான் வண்டிக்காரன் சுடலைமுத்து.

மறுவருஷம் ஆனியில் தந்தி.
எர்ணாகுளத்தில் அவர் அப்பா.
சேதி வருமுன்னே அடக்கம் ஆகிவிட்டது.
மகன் சொல்லவேண்டிய ஜெபம் ஒன்று உண்டாம்,
அதற்குப் பத்து ஆண் நிற்கவேண்டுமாம்.
கேள்விப்பட்டு நாங்கள் போனோம்.
தபால்கார யாக்கோபு, கம்பவுண்டர் எசேக்கியேல்,
சாலமோன் அண்ணன் தம்பி, ஈசாக்கு இரண்டு பேர்,
இஸ்ஹாக், சுடலைமுத்து, நான்.
"ஒம்பது ஆச்சு. உம்மோட பத்து. தொடங்கும்வே."

ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.
"பேரு சரி. எண்ணம் சரியாகலை."

எங்களுக்குச் சுருக்கென்றது.
எங்கள் எண்ணத்தில் என்ன கோளாறு?
அவர் பேச்சில் எண்ணம் என்றால் எண்ணிக்கை.
அது எனக்குத் தெரிய வெகுநாளானது.
ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை.
யாக்கோபு ஏதோ சங்கீதம் ஆரம்பித்து
பாதியில் கூச்சப்பட்டு நிறுத்த,
நிறுத்திய இடத்திலிருந்து
இவர் தன் பாஷையில் எடுத்தார்.
ஜெபத்தைச் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

ஐம்பத்துநாலில் தராசை விற்றார்.
அங்கே அவர் தெருவே கப்பலேறுகிறதாம்,
கோயில் விளக்கையெல்லாம் இறக்கிக் கட்டியாயிற்றாம்.
"யாரும் விரட்டலை சாரே. யாரும் விரட்டலை."
ஜங்ஷன் பிளாட்பாரத்தில் அதையே சொன்னார்,
தப்புச் செய்தவர் மாதிரி.

ஒன்றரை வருஷம் கழித்துக் கடிதம்.
மண் நம் சாத்தான்குளம் தேரி மாதிரியே, சிவப்புதான் காணோம்.
கூப்பிட்டால் தெருவே திரும்புகிறது.
பத்து பேர் எப்போதும் உண்டு, அவர்களுக்குள் சண்டையும் உண்டு.
ஆபீசில் எங்களை இந்தியர் என்று எழுதிக்கொண்டார்கள்.
நிலாவாரை விதை ஒரு பிடி கிடைக்குமா?
பாளையங்கோட்டையில் ஈசாக்குகள் சுகமா?

சுகம், ஒருவர் கூடியிருக்கிறார் என்று எழுதி
விதையைக் கவரில் வைத்து ஒட்டினேன்.
முளைத்ததா என்று பதில் இல்லை.

அறுபத்தொன்றில் அதே தெரு, அதே நான்.
நாற்பத்தோராம் வீட்டில் விவசாய ஆபீஸ் கிளார்க், ஐந்து உருப்படி.
கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்றார் மேற்பார்வையாளர்.
கோடு போட்டேன்.
போனமுறைக் கோடு நின்றது. இது படுத்திருக்கிறது.

இப்போதும் பெரிய வெள்ளியில்
ஐயர் குரலை உயர்த்தி "யூதர்கள்" என்னும்போது
எனக்குத் தும்மல் வரும்.
அடக்கமுடியாத, நிலாவாரைத் தும்மல்.
முன்வரிசைத் தலைகளெல்லாம்
திரும்பிப் பார்க்கும்.